கணவருக்கு ஊசி போடப் போன இடத்தில்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கறிகாய் வாங்கப் போன என் கணவர் தண்ணீர் தேங்கிய ரோட்டில் துருப்பிடித்த எதையோ மிதித்து, உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். பெங்களூரு விவேக் நகரில் எங்கள் வீடு. டி.டி. ஊசி போடத்தானே, பக்கத்திலேயே போகலாம் என்று ஆஸ்டின் டவுனில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியம் அவருக்கு; நான் வெறும் துணை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆரணிக்காரர்கள். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் வேலை. எங்கோ ஒரு வாடிக்கையாளர் ஏதோ ஓடவில்லை என்று புகார் சொன்னால், இவர் அதற்கு டிக்கெட் என்று ஒரு புகார் எண் போட்டு, எந்த டீமுக்குச் சம்பந்தமோ அந்த டீமுக்குத் தள்ளிவிடுவார். ஒரே ஆள் நாலு புகார் சொன்னால் நாலு டிக்கெட், நாலு டீம். ஆபீசில் இதற்காக இவருக்குப் பாராட்டு எல்லாம் கிடைத்திருக்கிறது. வம்பு என்னவென்றால், வீட்டுக்கு வந்தாலும் மனுஷர் மாறமாட்டார்.

எனக்கு முகத்தில் பரு வந்தது. மொபைல் ஆப்பில் தேடி, நிறைய ஸ்டார் வாங்கிய ஒரு தோல் டாக்டரைப் பிடித்தார். அவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் தலைவலி வந்தது. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு, வேறொரு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர். மைக்ரேன் என்றார்கள். காதுக்குள் நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்து ‘உஸ், உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கு இன்னொரு பக்கம் காது டாக்டர். காது சுத்தமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று அனுப்பினார்கள். கழுத்து வலிக்கு பிசியோதெரபி. ஒவ்வொன்றுக்கும் ஊரிலேயே நல்ல இடமாகத் தேடித்தான் கூட்டிப்போனார். அக்கறையில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்த டாக்டர்களையும் தப்பு சொல்ல முடியாது. காது டாக்டரிடம் நான் காதைப் பற்றி மட்டும்தான் பேசினேன். பருவுக்கு மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் போய் எதற்குச் சொல்ல?

இதில் எந்த டாக்டரிடமும் போகாத ஒன்று மிச்சம் இருந்தது. குனிந்து நிமிர்ந்தால் இரண்டு கண்ணும் சட்டென்று இருட்டும். சில நொடிதான். பிறகு எல்லாம் பழையபடி தெரியும். காலையில் சாப்பிடாமல் ஓடுவதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இதற்கு எந்த டாக்டர் என்று தெரியாததால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

இனி கிளினிக் கதைக்கு வருகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு லேடி டாக்டர். எங்களுக்கு முன்னால் இருந்த அம்மாவிடம் கன்னடம், அதற்கு முன்னால் இருந்த பாயிடம் உருது, நாங்கள் உள்ளே நுழைந்து ஒரு வார்த்தை பேசியதுமே தமிழ். கணவர் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தார். கட்டியிருந்த துணியை அவிழ்ப்பதற்காக நான் குனிந்தேன். நிமிர்ந்தபோது வழக்கம்போல இருட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் தெளிந்து பார்த்தால், டாக்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல டாக்டர். குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு இருட்டும். உடனே சரியாயிடும்.”

“ரெண்டு கண்ணுமா? இப்படி உக்காருங்க. சார், நீங்க ஸ்வல்ப, கொஞ்சம் நகருங்க.”

காலில் ரத்தத்தோடு என் கணவர் எழுந்து நிற்க, அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். தலைவலி உண்டா, படுத்தால் ஜாஸ்தியாகிறதா என்று கேட்டார். அதற்கு வேறு டாக்டரிடம் பார்க்கிறோம் என்றேன். காதுக்குள் இரைச்சல் மாதிரி ஏதாவது கேட்கிறதா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே! அதற்கும் வேறு டாக்டர் என்றேன். என் கணவர் உற்சாகமாகி, மொபைலில் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்த ரிப்போர்ட்டுகளைக் காட்ட வந்தார்.

“ஃபோனை உள்ள வைங்க சார். இவங்க வாயால சொல்லட்டும்” என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒரே உடம்பை ஏம்மா இப்படி அண்ணன் தம்பி சொத்து மாதிரி பாகம் பிரிச்சு வச்சிருக்கீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க, என்னென்ன மாத்திரை சாப்புடறீங்கன்னும் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். தலை, காது, கழுத்து, கண், பரு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒருவரிடமே சொன்னது அன்றைக்குத்தான். வெளியே கூட்டம் இருந்தும் அவர் ஒரு தடவைகூட வாசல் பக்கம் பார்க்கவில்லை. பரு மாத்திரையின் பெயரை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சின்ன விளக்கு வைத்த ஒரு கருவியால் என் கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார்.

அதன் பிறகு அவர் சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். “நான் கண் டாக்டர் இல்லம்மா. கண்ணுக்குப் பின்னால இருக்கற நரம்பு வீங்கின மாதிரி எனக்குத் தெரியுது. மண்டைக்குள்ள பிரஷர் ஏறினா இப்படி ஆகும். அந்தப் பரு மாத்திரையாலகூட சில பேருக்கு ஆகும். நான் பாத்தது தப்பாவும் இருக்கலாம். ஆனா தப்பா சரியான்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும். விட்டா பார்வை போயிடும்.”

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போகலாமா என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். “திங்கட்கிழமை வரைக்கும் கண்ணு காத்துட்டு இருக்குமா சார்?” என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டார். சாதாரண கண் டாக்டர் போதாது, கண் நரம்பை மட்டுமே பார்க்கிறவர் வேண்டும் என்று சொல்லி, அவரே அப்படி ஒருவருக்கு போன் போட்டார். என் கதை முழுவதையும் சுருக்கமாக, ஒன்றுகூட விடாமல் சொன்னார். அந்த டாக்டருக்கு எத்தனை ஸ்டார் என்று என் கணவர் ஆப்பைத் திறந்ததைக் கவனித்துவிட்டு, “ஸ்டாரெல்லாம் எனக்குத் தெரியாது சார். இந்த மாதிரி கேஸ் தெனமும் பாக்கறவர். நமக்கு அதான் வேணும்” என்றார். பரு மாத்திரையை இனிமேல் தொடக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, நேராக ஆட்டோ பிடித்துப் போக வேண்டும் என்று வாசல்வரை வந்து சொன்னார்.

ஆட்டோவில் ஏறினோம். நான் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், எது கண்ணில் பட்டாலும் படித்தேன். படிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். அவ்வளவு பயம்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. இரண்டு கண் நரம்பும் வீங்கியிருந்தன. அன்றைக்கே அட்மிஷன், ஸ்கேன். கட்டி ஏதும் இல்லை என்று ரிப்போர்ட் வரும்வரை என் கணவர் நொண்டிக்கொண்டே வராண்டாவை அளந்தார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்ததில் பிரஷர் எக்கச்சக்கமாக இருந்தது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் பார்வை என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். சாயந்திரம் ஆஸ்டின் டவுன் டாக்டரிடமிருந்து போன். என்னைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டு, “அய்யோ, உங்க வீட்டுக்காரருக்கு ஊசி போடவே மறந்துட்டேம்மா. அங்கயே போட்டுக்கச் சொல்லுங்க” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

புது மாத்திரைகள் என்னைப் படாதபாடு படுத்தின. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. சோடா குடித்தால் தகரத்தை நக்கியதுபோல இருந்தது. ஆனால் தலைவலி மெல்ல விட்டது, காதுச் சத்தம் நின்றது, நரம்பு வீக்கம் வடிந்தது. இடது கண்ணில் மூக்கோரம் கீழே கொஞ்சம் மட்டும் மங்கல் தங்கிவிட்டது. அது திரும்பாதாம். போகட்டும்.

உடம்பு தேறியதும் நன்றி சொல்லப் போனோம். கும்பிட்டதற்கு டாக்டர் கூச்சப்பட்டார். “நான் என்னம்மா பண்ணேன்? சரியான எடத்துக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு அதுவரை எந்தப் பெரிய கட்டிடத்திலும் கிடைக்காமல் இருந்தது. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத் தெரிந்தவர், தெரிந்தவரிடம் போய்ச் சேரும்வரை என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர். இப்போது எங்கள் வீட்டில் சளி பிடித்தாலும் சரி, சர்க்கரை ஏறினாலும் சரி, முதலில் அவரிடம்தான். வேறு எங்கே போக வேண்டும் என்பதை அவர் சொல்கிறார். என் கணவர் மொபைலிலிருந்து அந்த ஆப்பையே நீக்கிவிட்டார்.

லீவு முடிந்து மறுபடி பள்ளிக்கூடம் போன முதல் நாள், போர்டில் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் டப்பாவைத் திறந்து திருட்டுத்தனமாக முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு தூரத்தில், அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த தூள்கூட எனக்குத் தெரிந்தது. ஊசி போட மறந்துபோன அந்த டாக்டரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இந்த மாதிரி ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும்போதெல்லாம் மனசுக்குள் அவரை ஒரு தடவை கும்பிட்டுக்கொள்கிறேன்.