பெண்கள் வாசல் சாலம்மாளும் கழித்த சேலையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் பெண்கள் வாசலைக் காத்தவர் சாலம்மாள். கணவர் இறந்ததும் தறியை விற்றுவிட்டு அந்த வேலைக்கு வந்தார். கொட்டகையின் நடுவில் ஆளுயரத் தட்டி. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். டிக்கெட்டைக் கிழிப்பதும், கைக்குழந்தைக்காரிகளை ஓரமாக உட்கார வைப்பதும், ஆட்டம் விட்டதும் ஒவ்வொருத்தியையும் அவளவள் வீட்டாரிடம் சேர்ப்பதும் அவர் பொறுப்பு.

அதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பெண்ணின் பெயரை ஆண்கள் பக்கம் கூவக் கூடாது. முன்பு ஒரு தடவை சோடாக்காரர் கூவிவிட்டார். தரை டிக்கெட்டுக்காரர்கள் விடியும்வரை அந்தப் பெயரையே பாட்டாகப் பாடினார்கள். அந்தப் பெண் பிறகு நாடகத்துக்கே வரவில்லை. அதனால் கணவர் பெயரைச் சொல்லித்தான் ஆள் கூப்பிடுவார். பெண்டாட்டி வாயிலிருந்து அந்தப் பெயர் வராது என்பதால், உள்ளே விடும்போதே கூட வந்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்வார்.

1936 ஆடிப் பண்டிகையில் அவர் கேட்கத் தவறினார். ஜலகண்டாபுரத்திலிருந்து மட்டும் பத்து வண்டி வந்திருந்தது. கூட்டம் தள்ளிய தள்ளில் கை டிக்கெட்டைத்தான் கிழித்தது. வாய் எதையும் கேட்கவில்லை.

பாதி ஆட்டத்தில் ஒரு நிறைமாதப் பெண் தட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெயர் நல்லம்மாள், ஜலகண்டாபுரத்து வண்டியில் வந்தவள். நாள் இன்னும் பதினைந்து இருக்கிறது என்று நம்பி வந்தவளுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். வெளியே ஜட்கா நின்றது.

“அவரில்லாம ஏறமாட்டனுங்க அக்கா.”

“சரி, ஊட்டுக்காரர் பேரைச் சொல்லு சாமி. கூட்டியாறேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “இந்த நேரத்துல அவரு பேரைச் சொன்னா அவருக்கு ஆவாதுங்க.”

“எழுதியாவது காட்டு.”

“எழுத்துத் தெரியாதுங்க.”

அடுத்த வலி வந்தது. சாலம்மாள் அவளைத் தாங்கிப் பிடித்தபோது, வாசல் விளக்கு வெளிச்சத்தில் சேலை கண்ணில் பட்டது. மாம்பழக் கலர், அரக்குக் கரை. கரையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்து, அதைப் பிணைக்காமலே ஒன்றரை முழம் நெய்திருந்தது. ஜவுளிக்காரர் கழித்துத் தள்ளியிருப்பார். அப்படிக் கழித்த சேலையை நெய்தவன் பெண்டாட்டிதான் கட்டுவாள்.

“இது உங்க ஊட்டுத் தறியில நெய்ததா?”

“ஆமாங்க.”

சாலம்மாள் மேடை ஓரத்துக்கு ஓடினார். மேடையில் பபூன் தங்கசாமி தனியாக ஆடிக்கொண்டிருந்தார். படுதா மறைவிலிருந்து சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஆட்டத்தை விடாமலே முன்னால் வந்தார்.

“ஏனுங்க, ஜலகண்டாபுரத்து நெசவுக்காரங்க இருக்கீங்களா?”

“இருக்கோம்” என்று நாற்பது ஐம்பது குரல்கள்.

“மாம்பழக் கலர் சேலைங்க. அரக்குக் கரை. கரையோரம் ஒரு இழை அத்து, ஒண்ணரை முழத்துக்குப் பிணைக்காமயே போயிருக்குது. நெய்த மகராசன் யாருங்க?”

கொட்டகையில் பாதிப் பேர் தறிக்காரர்கள். சிரிப்பு அடங்கவே இல்லை.

“ஒண்ணரை முழமா? தூங்கிட்டே நெய்தானாட்டம் இருக்குது.”

“தறிக்குழியில எறங்காம திண்டுல சாஞ்சு நெய்திருப்பான்.”

யாரும் எழவில்லை. தங்கசாமி தலைக் குல்லாயைக் கழற்றினார்.

“சிரிக்கறதுக்குக் கேக்கலீங்க. அந்தச் சேலை இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோணும். நெய்தவரு வந்தாத்தான் வண்டி ஏறுமாம்.”

சிரிப்பு நின்றது. நாலாவது வரிசையில் ஒருவர் துண்டைக் கையில் சுருட்டியபடி எழுந்தார்.

“என்னுதுங்க.”

காலை மடக்கி எல்லோரும் வழிவிட்டார்கள். ஜட்கா கிளம்பிப் போனது. ஆட்டம் தொடர்ந்தது. சாலம்மாள் மேடைப் பக்கம் திரும்பவில்லை, வாசலிலேயே நின்றார். ஆட்டம் விட்டு, பெண்களையெல்லாம் அனுப்பிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்.

வெயில் ஏறும்போது அந்த மனிதர் வந்தார்.

“பொட்டப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்குறாங்க.”

சாலம்மாள் அப்போதுதான் படியில் உட்கார்ந்தார். கால் வலிப்பதே அப்போதுதான் தெரிந்தது.

வந்தவர் போகாமல் நின்றார். “இன்னொண்ணுங்க அக்கா. அந்தப் பழுது என் கையில்லீங்க. நான் சோறு திங்கப் போயிருந்தப்போ தம்பி உக்காந்து நெய்தது.”

“அப்படின்னா தம்பியில்ல எந்திரிச்சிருக்கோணும்?”

“அவன் வரலீங்களே. ஊர்ல தறியில இருக்கறான்.”

சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போவட்டும். உங்க பேரையாவது இப்பச் சொல்லிட்டுப் போங்க.”

“சென்னிமலைங்க.”