சலவைக்கூடத்திலிருந்து வந்த ஊசி

என் கணவரின் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருந்தால், கல்யாணமான புதிதில் பேனாவை மூடி வைத்திருப்பேன். நான் அண்ணி என்று கூப்பிடும் அவருக்கு வாய் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம். எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக அவருக்கு வேலை. நான் அங்கேயே இரண்டாம் மாடி வார்டில் நர்ஸ். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும், வார்டிலிருந்து போகும் விரிப்பு மூட்டையைச் சரியாகக் கட்டாவிட்டாலும் எனக்கு ஒரே அளவுதான் திட்டு விழும்.

சலவைக்கூடம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இரண்டு பெரிய மெஷின்கள், எப்போதும் ஈரம் காயாத சிமெண்ட் தரை. மூன்று வார்டுகளின் அழுக்குத் துணியும் ஒரே தள்ளுவண்டியில் வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்து, ரத்தம் பட்டதைத் தனியாக எடுத்துப் போடுவது அண்ணி. கையில் மெல்லிய ரப்பர் உறை மட்டும். உள்ளே கத்தரிக்கோல், கரண்டி, ஒருமுறை பல்செட்டுகூட வந்திருக்கிறது. பல்செட்டை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கி, உரிய வாயில் சேர்த்துவிட்டுத்தான் அன்று அவர் சாப்பிட்டார்.

நர்ஸ்கள் எங்கள் பக்கத்துக் கெட்ட பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றக் கையில் சின்னக் குழாயைச் செருகியதும், உள்ளிருக்கும் ஊசியை உருவிவிட வேண்டும். குழாய் நழுவாமல் பிளாஸ்திரி ஒட்ட இரண்டு கையும் வேண்டும். ஊசி போடும் டப்பாவோ வார்டின் மறுகோடியில். அதனால் ஊசியை மெத்தை ஓரத்தில் விரிப்போடு சேர்த்துக் குத்தி வைப்போம். தப்பென்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சி வகுப்பில் தலையாட்டிவிட்டு வந்து, அதையேதான் செய்வோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணியின் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியது. கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் விரலைக் காட்டிக்கொண்டு நின்றாராம். அவசரப் பிரிவு டாக்டர் உடனே எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்கினார். ஊசி எந்த நோயாளியுடையது என்று தெரிந்தால் அவர் ரத்தத்தைப் பார்த்து வைத்தியத்தைச் சரியாகச் செய்யலாம், தெரியாவிட்டால் இருட்டில் தேடுவதுதான் என்றும் சொன்னார்.

அண்ணி அந்த ஊசியை இடுக்கியால் எடுத்து, காலியான சோப்புத்தூள் டப்பாவில் போட்டு மூடி, மாடி ஏறினார். இரண்டு வார்டிலும் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் வார்டிலும் தலைமை நர்ஸ், டப்பாவை எட்டிக்கூடப் பார்க்காமல், எங்களுடையது இல்லை என்றார்.

அண்ணி நகரவில்லை. "யாரு வச்சாங்கன்னு நான் கேக்கல. யாரு கையிலேருந்து எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அந்த நோயாளி யாருன்னு தெரியணும்."

நான் டப்பாவுக்குள் பார்த்தேன். நீலத் தலை ஊசி. முந்தின நாள் அதே நிற ஊசியை ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்கு நான்தான் போட்டேன். பிளாஸ்திரி ஒட்டி முடித்துத் தேடியபோது ஊசியைக் காணவில்லை. டப்பாவில் போட்டிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போய்விட்டேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"என்னுது அண்ணி," என்றேன். "ஒன்பதாம் படுக்கை."

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. பெரியவரிடம் போய், தானே விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். மாலையில் முடிவு வந்தது. பெரியவர் உடம்பில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி. அதற்கான தடுப்பூசி எங்களுக்கெல்லாம் வேலையில் சேர்ந்த அன்றே போட்டிருந்தார்கள். சலவைக்கூடத்தில் ஒருவருக்கும் போடவில்லை. அன்றே அண்ணிக்குத் தடுப்பு மருந்தும் தடுப்பூசியும் இரண்டு கையிலும் ஏறின. உறுதியாகச் சொல்ல ஆறு மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

மறுநாளே, சலவைக்கூடத்தின் மற்ற ஏழு பேருக்கும் தடுப்பூசி கேட்டு அண்ணி அலுவலகத்துக்குப் போனார். வார்டு ஊசி சலவைக்கூடத்துக்கு வந்ததாகப் பதிவே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தலைமை நர்ஸ் விஷயத்தை அமுக்கிவிட்டிருந்தார். அண்ணி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, என் முன்னால் வெள்ளைத் தாளை வைத்தார்.

"நீ செஞ்சதை நீயே எழுதிக் கையெழுத்துப் போடு."

வேலைக்கே ஆபத்து என்று என் கணவர் இழுத்தார். அண்ணி தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்கு வர்றது வரட்டும். அந்த ஏழு பேருக்கு வரக் கூடாது."

எழுதினேன். ஒரு வரியைக்கூடப் பூசி மெழுகவில்லை. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. ஏழு பேருக்கும் ஊசி போட்டார்கள். கனத்த கையுறை வந்தது. ஊசி டப்பா இப்போது எங்களோடு படுக்கை படுக்கையாக வருகிறது. புதிதாக வரும் நர்ஸ் மெத்தைப் பக்கம் ஊசியைக் கொண்டுபோனால் நான் போடும் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்கும்.

ஆறாவது மாதம் பரிசோதனைக் காகிதத்தை வாங்கப் போனவள் நான்தான். கிருமி இல்லை. படியிறங்கி ஓடி, மெஷின் இரைச்சலுக்கு நடுவில் அண்ணியிடம் சொன்னேன். பிறகு அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, ஏழு பேரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அண்ணி கையை உருவிக்கொள்ளவில்லை.