இராயப்பர், சின்னப்பர் என்று நம்பிய வெள்ளிக்காசு

எண்பதுகளின் கடைசி. செம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர் வீட்டு மாதா படத்தின் அடியில் ஒரு கறுத்த வெள்ளிக்காசு இருக்கும், நம் ரூபாய்க்காசைப் போல ஒன்றரை மடங்கு அகலம். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கிடைத்ததாம். ஒரு பக்கம் தோளில் வாள் சாய்த்த தாடிக்காரர். மறுபக்கம் இன்னொரு தாடிக்காரர். "வாள் வச்சிக்கினு கீறாரே, அவரு சின்னப்பர். இந்தாண்ட இராயப்பர்" என்பார் அக்கா. ஏசுவின் அப்போஸ்தலர்களான பவுலும் பேதுருவும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் காசு தலையணைக்கடியில் போய்விடும்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? பள்ளியில் சரித்திரம் எடுக்கிறவள் வேறு. அப்போஸ்தலருக்கு எதற்கு விலங்கு ரோமம் வைத்த கழுத்துப்பட்டையும் ஜமீன்தார் தொப்பையும்? காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போனேன். நாலாவது சனிக்கிழமை, ஒரு தடிப் புத்தகத்தில் அதே தொப்பை!

அடக் கடவுளே! சாக்சனி, ஹெஸ்ஸே என்ற இரண்டு ஜெர்மன் நாடுகளை நானூறு வருஷத்துக்கும் முன்னால் ஆண்டவர்கள். போப்பாண்டவர் வேண்டாம் என்று புது புராட்டஸ்டண்ட் சபைப் பக்கம் போனவர்கள். சேர்ந்து நிற்கிறோம் என்று காட்ட, ஒரே காசில் ஆளுக்கொரு பக்கம். கத்தோலிக்கப் பேரரசரோடு மோதித் தோற்று இருவருமே சிறைக்குப் போனார்கள்.

சந்தோஷம் தாங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு மறுநாள் இதய ஆபரேஷன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், தலையணைக்கடியில் காசு. "இன்னா, கண்டுபிடிச்சியா?" என்று அக்கா கேட்டதும் மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். அக்கா முகம் வெளுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. என் வாயில் கொள்ளியை வைக்க! அவமானமாக இருந்தது.

அக்கா காசை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஜெயில்லயே செத்துட்டாங்களா?"

"இல்லக்கா. அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு பேரையும் விட்டுட்டாங்க."

"உயிரோட வந்தாங்கல்ல? அது போதும்."

காசு பழையபடி தலையணைக்கடியில் போனது.

வீட்டுக்காரர் பிழைத்து வீடு திரும்பிய வாரம், அக்கா அந்த இருவரின் பெயரையும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அவர்கள் ஆத்துமாவுக்காகக் மாதா கோவிலில் பூசை வைக்கப் போகிறாராம்.

"அக்கா, அவங்க அந்தப் பூசையே வேணாம்னு சண்டை போட்டவங்க!"

"இருக்கட்டும்மா. இத்தினி வருஷம் நம்ம வூட்டுல இருந்தாங்க. நம்மள வுட்டா அவங்களுக்கு யாரு கீறாங்க?"