கைக்குள் இறுகிய பாண்

சித்தப்பாவின் உள்ளங்கையில் அன்று ஒரு பாண் உருண்டை இருந்தது. பாலில் ஊறிய பாண் ரொட்டியை அவர் அழுத்திய அழுத்தத்தில், ஐந்து விரல்களின் தடமும் அதில் அப்படியே பதிந்திருந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு வான்கோழியின் வயிற்றுக்குள் அடைக்கும் பாண் கலவையை எங்கள் வீட்டில் அவர்தான் செய்வார். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பார்த்துப் பழகிய வேலை. அதில் சேர்ப்பவை எனக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன: காய்ந்த பாண், பால், வெங்காயம், கோழி ஈரல், கறிவேப்பிலை, ஊரிலிருந்து வந்த மிளகாயை அம்மா வறுத்து அரைத்த தூள். "நல்லாப் பிழி பிள்ளை. ஈரம் நிண்டால் உள்ளுக்குக் களியாப் போகும்" என்பார். தூளைப் போடும்போது, "பார், இதுக்குக்கூட இஞ்சை விசா கிடைச்சிட்டுது. எனக்குத்தான் இல்லை" என்று சிரிப்பார்.

அந்த வாரம் அவர் சிரிக்கவில்லை. அவரோடு வேலை செய்த, விசா இல்லாத ஒருவரை லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பொலிஸ் மறித்துக் கொண்டுபோயிருந்தது. ரூ பெர்தொனே தெருவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சிறிய வீட்டில், அழைப்பு மணிக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. சித்தப்பா குளியலறைக்குள் போக வேண்டும். அவர் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தை நான் கட்டிலுக்குக் கீழே தள்ள வேண்டும். அதன் பிறகுதான் அம்மா கதவைத் திறப்பா. குளியலறையில் விளக்கைப் போட்டால் காற்றாடியும் சத்தத்தோடு சுற்றும் என்பதால் அவர் இருட்டில்தான் நிற்பார்.

பாணைப் பிழிந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது. வந்தது பொலிஸ் அல்ல, கீழ் வீட்டில் தனியாக வசித்த பிரெஞ்சுக் கிழவி. ஒரு கிண்ணத்தில் அவித்த கஷ்கொட்டைப் பருப்புகள் கொண்டுவந்திருந்தா. ஆண்டுதோறும் இந்த வாசனை படியிறங்கி வருகிறது, இதையும் அதில் சேர்த்துப் பாருங்கள் என்றா. பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டா. யார் சமைப்பது என்று கேட்டா. "நான்தான்" என்றா அம்மா. பாதி பிழிந்த பாண் மேசையில் பாத்திரத்தோடு கிடந்தது. நான் கையை உள்ளே விட்டுப் பிழியத் தொடங்கினேன். சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவவுக்குக் கேட்டுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, வாசலில் நின்று சொன்னா: "உங்கள் நாலு பேருக்கும் நல்ல நத்தார்."

கடையில் நின்ற அப்பாவைச் சேர்த்தாலும் அவ அறிய நாங்கள் மூன்று பேர்தான். அம்மா கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்று குளியலறைப் பக்கம் பார்த்தா. "தம்பி, மனிசி எங்களை எண்ணி வைச்சிருக்கிறா."

குளியலறையிலிருந்து வந்த சித்தப்பா கையை விரித்தார். உள்ளே போகும்போது பாணைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அவ நல்ல மனிசி, அண்ணி."

"நல்ல ஆக்கள்தான் எல்லாருக்கும் கதை சொல்லுறது."

வான்கோழி வேகும் முன்பே அவரைப் பொபினியில் ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஷ்கொட்டை சேர்த்த பாணை நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு கிழவி எங்களைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் படியில் அவவைக் கண்டால் நாங்கள் வேகமாக இறங்கிவிடுவோம்.

இப்போது சித்தப்பாவுக்கு விசா கிடைத்துப் பல காலம். பொண்டியில் சொந்த வீடு. நான் ரயில் சமிக்ஞைகளைப் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் தேடிப் பழகியவள். சென்ற நத்தாருக்கு அவருடைய குசினியில் இருவரும் பாணைப் பிழிந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது.

"அப்பாவும் அம்மாவும்தான், சித்தப்பா."

"ஓம், தெரியும். போய்த் திற."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கை மூடிக்கொண்டது. விரல் இடுக்குகளால் பால் வடிந்தது. நான் பார்க்காதவள்போல வாசலுக்குப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் கவனித்தேன், என் கால் அவருடைய சப்பாத்துகளை ஏற்கெனவே அலுமாரிக்குக் கீழே தள்ளியிருந்தது.