எருதும் வசனமும்

சட்டத்தைவிட விசுவாசமே பெரிது என்று பிரசங்கிக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜட்கா வண்டி ஏறாமல் நடை. விளாங்குடியருகே வாய்க்கால் சேற்றில் ஓர் எருது கழுத்துவரை புதைந்து கிடக்கிறது.

"அய்யா, கயித்த ஒரு கை பிடிங்க," என்கிறார் எருதுக்காரர்.

"இன்னைக்கு ஓய்வுநாள். வேலை செய்யலாமான்னு வேதத்துல பாத்துச் சொல்றேன்."

அனுமதிக்கும் வசனம் ஒன்று உண்டு. எங்கே என்பதுதான் மறந்துவிட்டது. கரையில் நின்று புரட்டுகிறேன். எருதுக்காரரும் அவர் மனைவியும் கயிற்றை இழுக்கிறார்கள். வசனம் அகப்படும்போது எருது மேலே நின்று மூச்சு வாங்குகிறது.

"என்ன போட்டிருக்கு?"

"தூக்கிவிடலாம்னு போட்டிருக்கு."

"அப்ப அந்தப் பக்கத்த மடிச்சு வைங்கய்யா. திரும்பி வாரப்ப இன்னொண்ணு விழுந்து கெடந்தாலும் கெடக்கும்."

மடித்து வைக்கிறேன். என் வேட்டியில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.