இடப்புறம் ஓர் அத்தியாயம்

நீலாம்பாள் வெந்நீர்த் துணியைப் பிழிந்து புருஷன் வைரக்கண்ணுவின் முதுகை ஒற்றிக்கொண்டிருந்தாள். தேய்த்தால் தோல் கையோடு வந்துவிடும். ஒற்றிய இடத்தில் பவுடர் போட்டு, தளிர் வாழையிலையை விரித்து, அவனை மறுபடி அதன்மேல் சாய்க்க வேண்டும். டவுன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். அங்கே பிடித்துத் தூக்க இன்னொருத்தி இருப்பாள். வீட்டில் இவள் ஒருத்திதான். அவள் இடுப்பும் விட்டுப்போயிருந்தது.

போன அறுப்பில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு ஊரே வேலைநிறுத்தம் செய்தது. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்து நின்றவர்களில் முன்னால் நின்றவன் வைரக்கண்ணு. முதுகுத்தண்டில் விழுந்த அடியில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. நீலாம்பாள் வேலையை விட்டாள். மன்னார்குடி ரைஸ் மில்லில் இருந்த மகன் அனுப்புவதில் வீடு ஓடியது. வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கத்து ஆட்கள் முதலில் தினமும் வந்தார்கள். நடவு தொடங்கியதும் வருவது குறைந்து, பிறகு நின்றது. ஆனாலும் அவன் யாராவது வருவார்களென்று மல்லாந்து படுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் கத்தினான். வால் எலும்பின்மேல் புண் விழுந்தது.

“இது உள்ள இறங்கி எலும்பைத் தொட்டுச்சுன்னா முடிஞ்சுதுங்க. வார்டுல நான் பாத்திருக்கேன்” என்றாள்.

“முடியட்டுமே.”

அதற்குமேல் அவனோடு பேசிப் பயனில்லை.

பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்க நன்னிலம் கடைத்தெருவுக்குப் போன அன்று மீரா உசேன் கூப்பிட்டான். குடை ரிப்பேர் கடையின் பின்பக்கத்தில் வாடகை நூல்நிலையம் நடத்துகிறவன். அவன் உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீலாம்பாள்தான் பார்த்துக்கொண்டாள்.

“ஆயாம்மா, சும்மா படுத்திருக்கவருக்கு எதாச்சும் படிச்சுக் காட்டுங்களேன். குடும்பம் வேணுமா, கொலை வேணுமா?”

மருந்துச் சீட்டையும் கட்சி நோட்டீஸையும் தவிர எதையும் படித்திராதவள் அவள். “எது வேணா குடுங்க தம்பி, எழுத்து பெருசா இருந்தா சரி” என்றாள்.

முதலில் வந்தது மாமியார் மருமகள் கதை. வைரக்கண்ணு வாசலைப் பார்த்தபடியே கேட்டான். “நாள் பூரா காப்பியக் குடிச்சிட்டு அழுவுறாளுவளே, இவளுவளுக்கு நடவு, களையெடுப்புன்னு ஒண்ணுமே கிடையாதா?” என்று திட்டினான். அத்தியாயம் முடிந்ததும் நீலாம்பாள் புத்தகத்தை மூடினாள்.

“அப்புறம்?”

“இந்தப் பக்கமா திரும்புனாத்தான் அப்புறம்.”

திரும்பினான். அன்றிலிருந்து இடப்புறம் ஓர் அத்தியாயம், வலப்புறம் ஓர் அத்தியாயம் என்று ஆயிற்று. மல்லாந்து படுப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

அதனால் புத்தகம் எடுக்கும்போது அவள் கதையைக் கேட்பதில்லை. அத்தியாயம் எவ்வளவு நீளம் என்று விரலால் தள்ளிப் பார்ப்பாள். ராஜா கதை சரிப்படவில்லை. ராஜா குதிரையில் ஏறி முடிப்பதற்குள் இவன் இடுப்பெலும்பு சிவந்துவிட்டது. “லட்சம் யானைங்குறான். அத்தனைக்கும் தீனி போட்ட பண்ணையாளு பேரு ஒண்ணாவது எழுதியிருக்கானா பாரு” என்றான் அவன். பேய்க் கதையில் அத்தியாயங்கள் பொடிப்பொடியாக இருந்தன. புரட்டிப் புரட்டி அவளுக்குக் கை ஓய்ந்தது. அடுத்த வீட்டுக் காத்தாயி சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டுக்கேட்டிருக்கிறாள். பேய் கதவைத் தட்டியபோது அங்கே ஒரு பாத்திரம் உருண்டது. சந்திரனுக்கு ராக்கெட்டில் போகிற கதை ஒன்றும் வந்தது. “அவன் சந்திரனுக்கே போயிட்டான். நான் கொல்லைக்குப் போவ முடியல” என்று வைரக்கண்ணு சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்தது அன்றுதான். காதல் கதையில் சில வரிகளை அவள் தாண்டிப் போனாள். “ஏன் பாதியில முழுங்குற? நமக்கு மூணு புள்ள பொறந்துருக்கு” என்றான்.

இத்தனை விதமாக மனிதர்கள் வாழ்கிறார்கள், சாகிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. உலை வைக்கும்போதுகூட கதையில் வந்த யாராவது ஒருத்தி கூடவே நின்றாள். அசதி குறையவில்லை. கொஞ்சம் மறந்திருந்தது, அவ்வளவுதான்.

புண் மூடிவந்தது. மெல்லிசாகப் புதுத் தோல் கட்டியிருந்தது.

அப்போதுதான் துப்பறியும் கதை வந்தது. டாக்டருக்குப் பாலில் விஷம் வைத்தது யார்? அளவான அத்தியாயங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கதவு திறந்தது, அல்லது விளக்கு அணைந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்காக மல்லாந்தவன் அப்படியே கிடந்து கேட்டான்.

“திரும்புங்க.”

“யாருன்னு சொல்லிட்டுத் திருப்பு.”

அவளுக்கும் தெரியவேண்டியிருந்தது. அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். எழுத்து கண்ணில் மங்கியபோதுதான் பொழுது சாய்ந்தது தெரிந்தது. பதறிப்போய் அவனைப் புரட்டினாள். இலை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புதுத் தோல் கிழிந்து, பழைய இடத்திலேயே சிவப்பாக வாய் திறந்திருந்தது.

“என்ன?” என்றான்.

“புண்ணு ஒடஞ்சிடுச்சு. இனிமே புத்தகம் கிடையாது.”

“எனக்குத்தான் அங்க வலியே தெரியலையே. படி.”

“வலி தெரியாததாலதாங்க சொல்றேன். கிடையாது.”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கஞ்சியை வாயருகே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. மறுபடி நீட்டியபோது கையால் தட்டிவிட்டான். அவள் கஞ்சியைத் துடைத்து எடுத்தாள். புத்தகம் இருந்தால் தோல் போகிறது. இல்லாவிட்டால் ஆளே போய்விடுவான் போலிருக்கிறது. அழுவதற்கும் தெம்பில்லாமல் அவள் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் காத்தாயி வாசலில் நின்றாள்.

“ஏன்க்கா நிறுத்திப்புட்ட? அந்தக் கம்பவுண்டர்தானே விசத்தை வச்சான்?”

நீலாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நடவு நட்டு முறுக்கேறிய தோள்.

“சும்மா கேக்க முடியாது. உள்ள வந்து ஒரு கை புடி.”

பழைய புடவையை நாலாக மடித்து அவனுக்கு அடியில் செருகினார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்ததும் அவன் குப்புறப் புரண்டான். நீலாம்பாள் புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். இருவருமாக அவனை வலப்புறமாகச் சாய்த்ததும் தலைமாட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

“கேட்டுக்குங்க. இனிமே அத்தியாயத்துக் கணக்கு கிடையாது. ரோட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கும்பகோணம் பஸ் போவுதில்ல, அந்தச் சத்தம் கேட்டா நிறுத்திட்டுத் திருப்பிடுவேன். யாரு செத்தாலும் சரி.”

“கதை நடுவுலயா?”

“நடுவுலதான்.”

காத்தாயி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டியபோது வைரக்கண்ணு கதையைக் கேட்டபடியே விழுங்கினான். கம்பவுண்டர் பீரோவைத் திறந்தான். உள்ளே கையை விட்டான். கையில் ஏதோ தட்டுப்பட்டது. ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது.

நீலாம்பாள் புத்தகத்தை மூடினாள்.

“அடிப்பாவி! கையில என்னன்னு மட்டும் சொல்லேன்!” என்றான் வைரக்கண்ணு.

“சொல்லுக்கா!” என்றாள் காத்தாயியும்.

“புடவை முனையப் புடி” என்றாள் நீலாம்பாள். இருவரும் அவனை இடப்புறமாகத் திருப்பினார்கள்.