தவமணி இழுத்த கம்பி

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்த மேனேஜர் இரண்டு முறை "எந்தத் தவமணி?" என்று கேட்டார். பதினொரு வருஷமாக அவர் அறை வாசலில் உட்கார்ந்து ஏற்றுமதி பில் தட்டிக்கொண்டிருந்தவளைத்தான் அப்படிக் கேட்டார். போனை வைத்துவிட்டு, பக்கத்து மேஜையில் இருந்த என்னிடம், "உங்க ஃபிரண்டுதாம்மா. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி இடிச்சிருக்கு. ஸ்பாட்லயே போயிட்டாங்களாம்" என்றார். மூச்சு விடுவதற்குள், "அவங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அழுதால் இறங்குமோ என்னவோ, அழுகை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடிய நீங்கள் அவளை அமைதியானவள், அதிர்ந்து பேசாதவள் என்றீர்கள். யாரைச் சொன்னீர்கள்? நம் கொருக்குப்பேட்டைத் தெருவில் அவள் வாயில் விழாதவர் யார்? செத்தவளைப் பொம்மையாக்கி மாலை போடாதீர்கள். அவள் கத்தினாள். கத்த வேண்டிய இடத்தில் கத்தினாள்.

நம் பின் வரிசை எரிந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். ஒயர் கோளாறில் பிடித்த தீ. அங்கே குடியிருந்த சாந்தியின் மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் சாம்பல். மறு சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், "பழசோட ஜெராக்ஸாவது கொண்டா" என்றார்கள். கூடப் போயிருந்த தவமணி கவுண்டரைத் தட்டிக் கேட்டாள்: "வூடே எரிஞ்சி பூட்ச்சி. ஜெராக்ஸ் மட்டும் எரியாம குந்திகினு இருக்குமா சார்?" சாந்தி ஒரு வருஷம் அலைந்தாள். வரவிருந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அதற்குப் பிறகுதான் தவமணி எங்கள் ஆபீஸ் கழித்துப் போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, ஒன்றாக்கினாள். ஒரு பழைய ஸ்கேனர் வாங்கினாள். வீடு வீடாகப் போய் ரேஷன் கார்டு முதல் பள்ளிச் சான்றிதழ் வரை வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றினாள். மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்பதால் மிஷினை பீரோ மேல் ஏற்றினாள். அவள் அதை சர்வர் என்றாள், தெரு அதை பீரோ கம்ப்யூட்டர் என்றது. அதிலிருந்து என் வீட்டுக்கும் இன்னும் ஐந்து வீடுகளுக்கும் மாடி வழியாகக் கம்பி இழுத்தாள். அதில் புடவை காயப் போட்டவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. "போட்டுக்கமே, வாணான்னு சொல்லல. நல்லா புழிஞ்சிட்டுப் போடு" என்று மாடியிலிருந்தே கத்தினாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே சண்டைதான். ஒரு மிஷினில் மட்டும் வைத்தால் ஆபத்து என்று, எல்லாவற்றையும் தினமும் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காப்பி அனுப்பினாள். அது முடிய ஐந்தாறு மணி நேரம் ஆகும். அந்தத் தீயைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒயர் என்றாலே பயம். ராத்திரி ஒன்பது மணி அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், காப்பி பாதியில் நிற்கும். மறுநாள் பஸ்ஸிலேயே ஆரம்பிப்பாள்: "உன்னோட பேஜாருமே. ஒரு பிளக்கை வுட்டு வச்சா இன்னா?" நானும் விடமாட்டேன்: "என் வூடு எரிஞ்சா நீ வந்து அணைப்பியா?"

சாவதற்கு ஒரு மாதம் முன்னால், பழைய கம்பியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கேபிள் இழுத்தாள். கம்பிகளெல்லாம் வந்து சேரும் ஹப் இருந்த இடத்தில் ஸ்விட்ச் என்று வேறு பெட்டி வந்தது. பழசைவிடப் பத்து மடங்கு வேகம் என்றாள். வேகமாக சினிமா பார்க்கத்தான் இந்தக் கூத்து என்று நான் கிண்டல் செய்தேன். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனாள்.

அவள் உடலைக் கொண்டுவந்த அன்று ஐஸ் பெட்டி வைக்க அந்த ஒற்றை அறையில் இடமில்லை. பீரோவை நகர்த்த வேண்டும். "மேல இருக்கறத இறக்கிக் கீழ வைங்க, அப்பால பாத்துக்கலாம்" என்று சொன்னவள் நான். ஒயரைக் கழற்றாமலே இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். ஆண்கள் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனதும் பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவினோம். முதல் வாளித் தண்ணீரை வீசி ஊற்றியதும் நான்தான். கட்டிலுக்கடியில் டப்பென்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய் அறை இருண்டது. ஊரில் உள்ள பிளக்கையெல்லாம் பிடுங்குகிறவள் அதைப் பிடுங்கவில்லை. ரிப்பேர்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

லாரிக்காரன் அவளைக் கொன்றான். அவள் வேலையை நான் கொன்றேன் என்றுதான் பதினாறு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள் சாந்தி வந்தாள். புதிதாக ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அன்று ஒரு வருஷம் அலைந்து வாங்கிய மறு சான்றிதழை எங்கோ தொலைத்துவிட்டாள். "அக்கா, தவமணியக்கா பொட்டில அதோட காப்பி இருக்குதாக்கா?" என்றாள். அரைகுறைக் காப்பியாவது இருக்குமா என்று என் மிஷினைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. அறுபத்து மூன்று வீட்டுக் காகிதமும் ஒன்று விடாமல் இருந்தது. கடைசிக் காப்பி, அவள் சாவதற்கு முந்தின ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி எட்டு நாற்பதுக்கு முடிந்திருந்தது. நான் பிளக்கைப் பிடுங்க இருபது நிமிஷம் முன்னால்.

சாந்தி சொன்னாள்: "புது கம்பி இழுக்கறப்ப நான்தான் ஏணி புடிச்சேன். எதுக்குக்கா இதெல்லாம்னு கேட்டேன். 'அவள திருத்த முடியாதுமே. கம்பியதான் திருத்தணும்'னு சொல்ச்சி."

மாலை போட்டவர்களே, கேளுங்கள். இப்போது இருப்பது இந்த ஒரே காப்பி. இன்னொரு வீட்டில் இன்னொரு மிஷின் வேண்டும். அதைச் செய்துவிட்டு அவளைப் புகழுங்கள்.

என்னிடம் மீந்திருப்பது இந்த மிஷினும், மாடி தாண்டி அவள் வீட்டுக்குப் போகும் கம்பியும்தான். பயம் போகவில்லை. ஒன்பது மணி ஆனால் கை தானாகப் பிளக்குக்குப் போகிறது. அவளைத் திட்டிக்கொண்டே கையை எடுத்துக்கொள்கிறேன்.